பாடம் இலவசம், துணைக்குத்தான் ஆள் வேண்டும்

(நம் அறக்கட்டளையின் தொழிற்பயிற்சி வகுப்புகளில் புதிதாகச் சேர்ந்துள்ள பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் நடந்த கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



 

சேர்க்கை நடந்த நாட்களில் பெற்றோர் பலரும் என்னிடம் இரண்டு கேள்விகளைக் கேட்டார்கள். "செல்போனைக் கையில் கொடுக்காதே என்று ஜும்ஆவில் சொல்கிறீர்கள். இப்போது நீங்களே செல்போனில் பாடம் என்கிறீர்களே?" என்பது ஒன்று. "காசு கட்டிப் படிக்கும் ஆன்லைன் கோர்ஸ் எதையாவது அறக்கட்டளையே வாங்கிக் கொடுக்கலாமே?" என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான கேள்விகள்தான். அவற்றுக்குப் பதில் சொல்லவே இன்று நிற்கிறேன்.

முதலில் நம் இரண்டு மாவட்டங்களின் நிலையைப் பாருங்கள். அரியலூரைச் சுற்றிச் சிமெண்ட் ஆலைகள் இருக்கின்றன. பெரம்பலூர் பக்கம் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் ஆலை இருக்கிறது. எறையூர் சிப்காட்டில் காலணி ஆலை வந்திருக்கிறது. ஜெயங்கொண்டம் சிப்காட்டிலும் காலணி ஆலைக்கு 2024 நவம்பரில் முதலமைச்சர் அடிக்கல் நாட்டினார். லெப்பைக்குடிகாடு, வி.களத்தூர் போன்ற நம் ஊர்களில் வளைகுடாவுக்குச் சபர் போகாத வீடுகள் குறைவு. வேலை இருக்கும் இடம் நமக்குத் தெரியும். எந்த வாசல் வழியாக உள்ளே போகிறோம் என்பதில்தான் வித்தியாசம். கையில் தொழில் இல்லாதவன் "ஹெல்பர்" என்று போகிறான். தொழில் தெரிந்தவன் எலெக்ட்ரீஷியன், வெல்டர், ஏ.சி. மெக்கானிக் என்று போகிறான். ஒரே விமானம், ஒரே வெயில், ஒரே கேம்ப். ஆனால் சம்பளம் வேறு, மரியாதை வேறு. பத்து வருடம் கழித்து ஊர் திரும்பும்போது ஒருவனுக்குக் கடை போடத் தெரிகிறது. இன்னொருவன் மறுபடியும் விசாவுக்கு அலைகிறான். நம் வீடுகளில் இதை எல்லோரும் கண்டிருக்கிறோம்.

ஆகவே பிள்ளை தொழிலைப் பாதியில் விட்டுவிடாமல் கற்று முடிக்க வேண்டும் என்பதுதான் நம் கவலை. வகுப்பில் சேர ஆள் கிடைக்காமல் இல்லை. முதல் வாரம் பாய் நிறைய உட்கார்கிறார்கள். ஒரு மாதம் போனால் கூட்டம் கரைகிறது. மழை, கல்யாணம், வீட்டு வேலை, நண்பர்கள் என்று காரணங்கள் பல. ஒரு நாள் தவறியவனுக்கு மறுநாள் பாடம் புரிவதில்லை. புரியாதவன் வெட்கப்பட்டு வருவதை நிறுத்திக்கொள்கிறான். இந்த இடத்தில்தான் செல்போன் நமக்கு உதவும்.

இலவசமாக என்னென்ன கிடைக்கிறது என்று சொல்கிறேன். நம் சென்னை கிண்டியில் தேசியப் பயிற்றுப் பொருள் நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது. நிமி என்பார்கள். ஜெர்மனி நாட்டின் ஒத்துழைப்போடு 1986இல் மத்திய அரசு தொடங்கியது. இந்தியா முழுவதும் ஐ.டி.ஐ. மாணவர்கள் படிக்கும் பாடநூல்களைத் தயாரிப்பது இந்த நிறுவனம்தான். ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன், வெல்டர் போன்ற தொழில்களின் நூல்கள் தமிழிலும் இருக்கின்றன. மத்திய அரசின் பாரத் ஸ்கில்ஸ் என்ற இணையதளத்தில் ஐ.டி.ஐ. பாடத்திட்டம், மின்நூல், வினாவங்கி, மாதிரித் தேர்வு, வீடியோ எல்லாம் காசில்லாமல் கிடைக்கின்றன.

கணினி கற்கும் பிள்ளைகளுக்கு மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போகன் டுடோரியல் இருக்கிறது. பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா அவர்களின் முயற்சியில் வளர்ந்த திட்டம். ஒவ்வொரு பாடமும் சுமார் 10 நிமிடம்தான். திரையில் ஆங்கிலம் இருக்கும், காதில் தமிழ் கேட்கும். வேலைக்குப் போகும் இடத்தில் திரை ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். பாடத்தை ஒரு பக்கமும் செய்யும் வேலையை ஒரு பக்கமும் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு படி பார், நிறுத்து, நீ செய், பிறகு அடுத்த படி. லிப்ரே ஆபீஸ், ஜிம்ப் போன்ற மென்பொருள்களையே அதில் கற்றுத் தருகிறார்கள். அவையும் இலவசம், திருட்டுப் பிரதி வேண்டியதில்லை.

தமிழக அரசின் நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச் 1 அன்று தொடங்கியது. கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கு அதில் திறன் வகுப்புகள் உண்டு. இவ்வளவும் நம் பிள்ளைகளின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

"அப்படியானால் எல்லோரும் கற்றிருக்க வேண்டுமே?" என்று நீங்கள் கேட்கலாம். கற்கவில்லை, அதுதான் உண்மை. ஹார்வர்டு, எம்.ஐ.டி. ஆகிய பெரிய பல்கலைக்கழகங்கள் இணையத்தில் நடத்திய திறந்த வகுப்புகளைப் பற்றி 2019இல் ஓர் ஆய்வு வெளியானது. 2017-18இல் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பேர்தான் முடித்திருந்தார்கள். சான்றிதழுக்குப் பணம் கட்டிச் சேர்ந்தவர்களை மட்டும் தனியாகக் கணக்கெடுத்தாலும் நூற்றுக்கு 46 பேர்தான். பணம் கட்டியவர்களிலேயே பாதிக்கு மேல் முடிக்கவில்லை. பாடம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், இலவசமோ கட்டணமோ, தனியாக உட்கார்ந்து முடிப்பவர்கள் குறைவு. உலகத்தின் பெரிய பல்கலைக்கழகங்களுக்கே இந்த நிலை என்றால் நம் பிள்ளைகளை மட்டும் சோம்பேறிகள் என்று திட்டிப் பயனில்லை.

இதற்கு மருந்து எங்கே இருக்கிறது? தமிழ் பேசும் ஒரு கிராமத்திலேயே இருக்கிறது. சுகதா மித்ரா என்ற ஆய்வாளர் 1999இல் டெல்லி கால்காஜியில் ஒரு சுவரில் கணினியைப் பதித்து, சேரிப் பிள்ளைகள் தாமாகவே அதை இயக்கக் கற்பதைக் காட்டியவர். பிறகு காளிகுப்பம் என்ற கிராமத்தில் ஒரு சோதனை செய்தார். உயிரியலில் கடினமான ஒரு பாடத்தை, அதுவும் ஆங்கிலத்தில், கணினியில் போட்டுப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டார். ஆசிரியர் கிடையாது. சில வாரங்கள் கழித்துத் தேர்வு வைத்தபோது நூற்றுக்கு 30 அளவுக்கு வந்திருந்தார்கள். அதற்குமேல் உயர ஆசிரியர் கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளைகளோடு பழகிய ஓர் இளம்பெண்ணைத் துணைக்கு வைத்தார். அந்தப் பெண்ணுக்கு உயிரியல் தெரியாது, கணக்கு எழுதும் வேலை பார்ப்பவர். அவர் செய்ய வேண்டியதெல்லாம் பின்னால் நின்று, பாட்டி பேரப்பிள்ளையைப் பாராட்டுவது போல, "அட, இதை எப்படிச் செய்தாய்? எனக்கும் காட்டு" என்று கேட்பதுதான். மதிப்பெண் 50ஐத் தொட்டது. தகுதி பெற்ற ஆசிரியர்களிடம் அதே பாடத்தைப் படித்த டெல்லி தனியார் பள்ளிப் பிள்ளைகளின் அளவுக்கு இந்தக் கிராமத்துப் பிள்ளைகள் வந்தார்கள். 2010இல் இந்த ஆய்வு வெளியானது.

ஒரு கிராமத்தில் நடந்த சோதனைதான். ஆனால் மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. ஹிஃப்ளு வகுப்பை நினைத்துப் பாருங்கள். உலகின் சிறந்த காரிகள் ஓதிய பதிவு இன்று எல்லோர் செல்போனிலும் இருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டிருந்தால் மட்டும் யாராவது ஹாபிழ் ஆகிவிடுகிறார்களா? காலையில் ஹஜ்ரத் முன்னால் உட்கார்ந்து நேற்றைய பாடத்தை ஒப்பிக்க வேண்டும். ஹஜ்ரத் கேட்பார் என்ற நினைப்பே இரவில் பிள்ளையை ஓத வைக்கிறது. தவறினால் தட்டிச் சொல்வார், சரியாக ஓதினால் தலையை ஆட்டுவார். அந்த ஒரு தலையசைப்புக்காகப் பிள்ளை இன்னொரு பக்கம் ஓதும். பாடம் கொடுப்பவர் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கலாம். பாடத்தைத் திருப்பிக் கேட்பவர் பக்கத்தில் இருக்க வேண்டும். தொழிலுக்கும் இதுதான் விதி.

ஆகவே நம் அறக்கட்டளை காசு கொடுத்துப் பாடம் வாங்கப் போவதில்லை. திருப்பிக் கேட்கும் ஆளை ஏற்பாடு செய்யப் போகிறோம். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு துணையாளர் இருப்பார். பெண் பிள்ளைகளுக்குப் பெண் துணையாளர். அவர் பொறியாளராக இருக்க வேண்டிய அவசியமில்லை. படித்துவிட்டு வீட்டில் இருக்கும் நம் பெண்கள், வெளிநாட்டில் தொழில் செய்து ஊர் திரும்பிய சகோதரர்கள் இதற்குப் பொருத்தமானவர்கள். வாரம் மூன்று நாள் நேரடி வகுப்பில் ஆசிரியர் கையைப் பிடித்துக் கற்றுத் தருவார். மற்ற நாட்களில் வாட்ஸ்அப் மூலம் வேலை நடக்கும்.

எப்படி நடக்கும் என்று விளக்குகிறேன். துணையாளர் ஒரு சிறிய வீடியோவை மட்டும் அனுப்புவார். பத்து வீடியோ அனுப்பினால் ஒன்றையும் பார்க்க மாட்டார்கள். பிள்ளை அதைப் பார்த்துச் செய்துவிட்டு, செய்ததைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். தையல் பிள்ளை கழுத்துப் பட்டி தைத்தால் துணியின் முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் ஒரு படம். நூல் இறுக்கம் சரியில்லை என்றால் பின்பக்கத்துத் தையலே காட்டிக்கொடுத்துவிடும். வயரிங் பிள்ளை பலகையில் செய்த இணைப்பைப் படம் எடுப்பான். ஆசிரியர் படத்தைப் பார்த்து எழுத்தில் அல்ல, குரல் பதிவில் பதில் சொல்வார். எழுத்தில் "தவறு" என்று வந்தால் மனம் சுருங்கும். குரலில் "தம்பி, இந்த ஒயரை இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டு முறுக்கு" என்று வந்தால் பிள்ளை எழுந்து போய் முறுக்குவான். வாரக் கடைசியில் கூகுள் ஃபார்மில் பத்துக் கேள்வி. யார் எந்தக் கேள்வியில் தடுமாறுகிறார்கள் என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். அடுத்த வகுப்பை அங்கிருந்து தொடங்குவார். வராத பிள்ளைக்கு அன்று மாலையே துணையாளர் போன் செய்வார். "ஏன் வரவில்லை?" என்று அதட்ட அல்ல, "நாளைக்கு வருகிறாய்தானே?" என்று கேட்க.

வீடியோவில் இன்னொரு நன்மை உண்டு. கான் அகாடமியைத் தொடங்கிய சல்மான் கான் என்பவர் அமெரிக்காவில் வாழும் வங்காளக் குடும்பத்துப் பிள்ளை. 2004இல் தூரத்தில் இருந்த உறவுக்காரச் சிறுமிக்குப் போனில் கணக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். 2006இல் பாடங்களை யூடியூபில் ஏற்றினார். நேரில் சொல்வதைவிட வீடியோவே நன்றாக இருக்கிறது என்று உறவுக்காரப் பிள்ளைகள் சொன்னார்களாம். காரணம் இருக்கிறது. நிறுத்தலாம், திருப்பிப் பார்க்கலாம், போன வருடப் பாடத்தை மறந்ததற்காக யார் முன்னாலும் கூச வேண்டியதில்லை. ஒரு நாள் தவறி, வெட்கப்பட்டு நின்றுவிடும் நம் பிள்ளைகளுக்கு இதுவே பெரிய ஆறுதல்.

தாய்மார்களே, உங்களிடம் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் மகனிடம் சொந்த போன் இருக்கிறது. மகளிடம் இல்லை. அத்தா வெளிநாட்டிலிருந்து பேசும்போது மட்டும் போன் அவள் கைக்கு வருகிறது. உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. நான்கு பெண்களைப் பெற்றவர்களின் பயம் அது, அதைப் பழிக்க மாட்டேன். அதனால்தான் சில ஒழுங்குகள் வைத்திருக்கிறோம். பெண்கள் குழுவில் பெண்கள் மட்டுமே இருப்பார்கள். குழுவில் துணையாளர் மட்டுமே செய்தி போட முடியும்படி அமைத்திருக்கிறோம். பிள்ளைகள் தங்கள் வேலையை அவருக்குத் தனியாக அனுப்புவார்கள். முகம் தெரியும் படம் வேண்டாம், துணியும் கையும் போதும். வீட்டில் இருக்கும் பொதுப் போனே போதும், புதிது வாங்க வேண்டாம். லுஹருக்கும் அஸருக்கும் இடையில் ஒரு மணி நேரம் அந்தப் போன் மகளுடையது என்று முடிவு செய்யுங்கள். நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். "என்ன தைக்கிறாய், காட்டு" என்று கேளுங்கள். காளிகுப்பத்தில் அந்தப் பெண் செய்த வேலையை நீங்களும் செய்யலாம். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் செய்யலாம்.

இப்போது பணத்தைப் பற்றி. நீங்கள் தரும் சதகா அமானிதம். ஆன்லைன் கோர்ஸ் விற்பவர்கள் போன் மேல் போன் போடுகிறார்கள். "நூறு சதவீதம் வேலை" என்கிறார்கள். கையில் காசில்லை என்றால் தவணைக்கு ஏற்பாடு செய்கிறேன் என்கிறார்கள். பல நேரம் அந்தத் தவணை வட்டிக் கடனாகவே இருக்கும். பிள்ளை படிப்பை விட்டாலும் கடன் நம்மை விடாது. தயவு செய்து கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு முறை அலுவலகத்துக்கு வாருங்கள். அவர்கள் விற்பதில் எவ்வளவு இலவசமாகவே கிடைக்கிறது என்று உட்கார்ந்து பார்ப்போம்.

நம் பணம் வேறு வழிகளில் போக வேண்டும். துணையாளருக்கு ஒரு மாதச் சிறுதொகை. பயிற்சிக்குத் துணி, நூல், ஒயர், சுவிட்ச், பலகை. பார்த்துக்கொண்டே இருந்தால் கை பழகாது, வீணாக்கிப் பழகத்தான் பொருள் வேண்டும். ரீசார்ஜ் செய்ய முடியாத பிள்ளைகளுக்கு ரீசார்ஜ். அலுவலகத்தில் வைஃபை இருக்கிறது, வந்து வீடியோவைப் பதிவிறக்கிக்கொண்டு போகலாம். வீட்டில் பார்க்கும்போது வீடியோவின் தரத்தை 360இல் வைத்தால் டேட்டா குறைவாகத்தான் செலவாகும்.

இன்னொரு வேண்டுகோள். 2011 முதல் அரசு, பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுத்தது. அவற்றில் பல இன்று நம் வீட்டு அலமாரிகளில் தூங்குகின்றன. பேட்டரி போயிருக்கும், வேகம் குறைந்திருக்கும். அவற்றில் லினக்ஸ் ஏற்றி, லிப்ரே ஆபீஸ் போட்டால் கற்பவர்களுக்குத் தாராளமாக உதவும். கணினி வகுப்புப் பிள்ளைகளுக்கு இதுவே முதல் பயிற்சியாகட்டும். வைத்திருப்பவர்கள் இரவல் தாருங்கள். பிள்ளை கற்று முடித்ததும் திருப்பித் தருவோம்.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, வீடியோவைப் பார்த்து யாரும் வீட்டு மின்சாரத்தில் கை வைக்கக் கூடாது. கரண்ட் இல்லாத பலகையில் மட்டுமே வீட்டுப் பயிற்சி. மின் இணைப்பு கொடுத்துச் சோதிப்பது ஆசிரியர் முன்னால்தான். வெல்டிங்கும் அப்படியே. கண்ணாடி, கையுறை இல்லாமல், ஆசிரியர் இல்லாமல் வேண்டாம்.

இரண்டாவது, யூடியூப் தொழிலைக் கற்றுக்கொடுக்க உதவும், ஆனால் அரசு அங்கீகாரம் பெற்ற தொழிற்சான்றிதழ் தராது. நம் வகுப்பும் தராது. அதற்கு ஐ.டி.ஐ.தான் நேர் வழி. வயதும் வாய்ப்பும் உள்ள பிள்ளைகள் அரசு ஐ.டி.ஐ.யில் சேருங்கள். அங்கே பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு, பஸ் பாஸ் உண்டு. 6ஆம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்கு 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ஐ.டி.ஐ. படிப்பும் அதில் அடங்கும். நம் வகுப்பு அதற்கு மாற்று அல்ல. சேரும் முன் தயாராகவும், சேர்ந்தபின் தவறாமல் படிக்கவும் துணை நிற்பதே நம் வேலை. ஐ.டி.ஐ.யில் படிக்கும் பிள்ளைகளுக்கும் இஷாவுக்குப் பிறகு துணையாளர் இருப்பார். பாரத் ஸ்கில்ஸ் மாதிரித் தேர்வை ஒன்றாக உட்கார்ந்து எழுதலாம்.

பிள்ளைகளே! தாவூத் நபி (அலை) அவர்கள் அரசராக இருந்தும் தம் கையால் கவசம் செய்து, அந்த உழைப்பில் உண்டவர்கள். ஜகரிய்யா நபி (அலை) அவர்கள் தச்சுத் தொழில் செய்தவர்கள். கைத்தொழில் நமக்கு இழிவு அல்ல, பாரம்பரியம். உங்கள் கையில் இருக்கும் போன் காலையில் எழுந்ததும் உங்களை எங்கெங்கோ இழுக்கும். அதற்கு முன்னால் ஒரு படம் அனுப்புங்கள். நேற்று செய்த வேலையின் படம், எவ்வளவு கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. அதை எதிர்பார்த்து ஒருவர் காத்திருப்பார்.

பெற்றோர்களிடம் நான் கேட்பது மூன்றே விஷயம். தினமும் ஒரு மணி நேரம் போனைப் பிள்ளைக்குக் கொடுங்கள். அந்த ஒரு மணி நேரம் வீட்டு வேலைக்கு அழைக்காதீர்கள். செய்ததைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். துணையாளராக இருக்க முன்வரும் சகோதர சகோதரிகள் கூட்டம் முடிந்ததும் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். தெரியாதே என்று தயங்க வேண்டாம். கேட்கத் தெரிந்தால் போதும்.

நம் பிள்ளைகளின் கைகளில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஹலாலான உழைப்பைக் கொண்டு அவர்கள் குடும்பங்களைத் தலைநிமிரச் செய்வானாக. ஆமீன்.